தோர்ன்டன் பிளாக்பர்ன்: டொரண்டோ மண்ணுக்கடியிலிருந்து மீட்கப்பட்ட வாழ்க்கை

கனடாவின் டொரண்டோ நகரில், ஈஸ்டர்ன் அவென்யூவும் சாக்வில் வீதியும் சந்திக்கும் இடத்திற்கு அருகே உள்ள ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுத் திடலில் 1985 ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் அகழாய்வு ஒன்று நடைபெற்றது. பள்ளி மாணவர்களுக்குத் தொல்லியலை அறிமுகம் செய்வதே அதன் முதல் நோக்கம். ஆனால் தோண்டத் தோண்ட வெளிப்பட்டது, கனடாவின் வரலாற்றுப் பாடநூல்களில் அதுவரை இடம்பெறாத ஒரு மனிதரின் வீடு.

அவர் பெயர் தோர்ன்டன் பிளாக்பர்ன். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, மனைவி லூசியுடன் தப்பி, டொரண்டோவில் குடியேறி, அந்நகரின் முதல் வாடகைக் குதிரை வண்டிச் சேவையைத் தொடங்கியவர். 1890 இல் அவர் காலமானபோது அவருக்குச் சொந்தமாகப் பல வீடுகள் இருந்தன. எனினும் அடுத்த சில தலைமுறைகளுக்குள் நகரம் அவரை ஏறக்குறைய மறந்துவிட்டது.

இன்று பிளாக்பர்ன் தம்பதியரின் பெயர் நினைவுப் பலகைகளிலும், கல்லூரி ஒன்றின் மாநாட்டு மையத்திலும், நூல்களிலும் இடம்பெற்றிருக்கிறது. அடிமை முறையின் வரலாற்றை அருங்காட்சியகங்கள் எவ்வாறு காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற விவாதத்தில் இவர்களுடைய கதை தனி முக்கியத்துவம் பெறுகிறது. ஏனெனில், தம்மைப் பற்றித் தாமே ஒரு வரி கூட எழுதி வைக்காத மனிதர்களின் வாழ்வை எதைக் கொண்டு காட்சிப்படுத்துவது என்ற கேள்விக்கு அது ஒரு விடை அளிக்கிறது.

பிறப்பும் அடிமை வாழ்வும்

தோர்ன்டன் 1812 ஆம் ஆண்டளவில் கென்டக்கியில், ஒஹாயோ ஆற்றங்கரை நகரான மேஸ்வில்லில் பிறந்தவர் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். தாயின் பெயர் சிபி. சிறு வயதிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட அவர், கைமாறிக் கைமாறி இறுதியில் லூயிவில் நகரை அடைந்தார்.

லூயிவில் அக்காலத்தில் வேகமாக வளர்ந்துவந்த ஆற்றுத் துறைமுகம். அங்கு அடிமைகளை வைத்திருந்தோர், தமக்குத் தேவைப்படாத காலத்தில் அவர்களை வணிக நிறுவனங்களுக்குக் கூலிக்கு விடுவது வழக்கம். வேலை செய்பவர் அடிமை. கூலியைப் பெறுபவர் உரிமையாளர். தோர்ன்டனும் அவ்வாறு ஒரு துணி வணிக நிறுவனத்தில் சுமை தூக்கும் பணிக்கு அனுப்பப்பட்டார்.

அந்த நகரில்தான் அவர் ரூத்தி என்ற பெண்ணைச் சந்தித்தார். பின்னாளில் லூசி என்று பெயர் மாற்றிக்கொண்டவர் இவரே. தோர்ன்டனைவிடச் சுமார் 9 வயது மூத்தவரான இவர், ஒரு வணிகக் குடும்பத்தில் குழந்தைகளைப் பராமரிக்கும் தாதியாக இருந்தார். இருவரும் 1831 இல் மணம் புரிந்துகொண்டனர். அடிமைகளுக்கிடையிலான திருமணத்துக்குக் கென்டக்கிச் சட்டம் எந்த அங்கீகாரமும் அளிக்கவில்லை. கணவனை ஒரு திசையிலும் மனைவியை மறுதிசையிலும் விற்பதற்கு உரிமையாளர்களுக்குத் தடை ஏதும் இருக்கவில்லை.

அதுவே நிகழவும் இருந்தது. லூசியை வைத்திருந்த தம்பதியர் இறந்ததும், குடும்பத்தின் கடன்களை அடைப்பதற்காக அவர் வெர்ஜில் மக்நைட் என்ற வணிகருக்கு விற்கப்பட்டார். அடுத்த கட்டம், ஆற்றின் வழியே தெற்கேயுள்ள சந்தைகளுக்கு அவர் அனுப்பப்படுவதாகவே இருக்கும் என்று தம்பதியர் அஞ்சினர். பருத்தி, கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களை விநியோகித்த அச்சந்தைகளுக்குப் போனவர்கள் குடும்பத்தினரை மீண்டும் காண்பது மிக அரிது.

பட்டப்பகலில் ஒரு பயணம்

1831 ஆம் ஆண்டு ஜூலை 3 ஆம் தேதி, அமெரிக்க சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள், இருவரும் லூயிவிலை விட்டு வெளியேறினர். இருளில் காடுகளின் ஊடாக ஓடுவதே தப்பியோடிய அடிமைகளைப் பற்றிய பொதுவான சித்திரம். பிளாக்பர்ன் தம்பதியர் செய்தது வேறு. ஆற்றைக் கடந்து இந்தியானாக் கரைக்குச் சென்று, நன்கு உடுத்திய சுதந்திர மனிதர்களாகத் தோற்றமளித்து, அதற்கான பத்திரங்களையும் காட்டி, வெர்செய்ல்ஸ் என்ற நீராவிக் கப்பலில் பயணிகளாக ஏறினார்கள்.

சின்சினாட்டி நகரில் இறங்கி, அங்கிருந்து குதிரை வண்டிகளில் வடக்கே பயணித்து, சில நாட்களில் மிச்சிகன் பிரதேசத்தின் டெட்ராய்ட் நகரை அடைந்தனர். தோர்ன்டனுக்கு அப்போது 19 வயது.

அவர்களை ஏற்றிச் சென்ற கப்பலின் உரிமையாளர்கள் மீது அடிமை உரிமையாளர்கள் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தனர். அந்த வழக்கு பல ஆண்டுகள் நீடித்தது. தோர்ன்டனைப் பிடித்துத் தருமாறு நாளிதழில் விளம்பரமும் வெளியானது. அவருடைய நிறம், உடற்கட்டு, பேச்சுப் பாங்கு ஆகியவற்றை அந்த விளம்பரம் விவரித்தது. பிளாக்பர்ன் தம்பதியரின் உருவப்படம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. ஆகவே தோர்ன்டனின் தோற்றத்தை இன்றைய தலைமுறை அறிந்துகொள்வது, அவரைத் தம் உடைமை எனக் கருதியோர் அச்சிட்ட விளம்பரத்தின் வாயிலாகத்தான்.

டெட்ராய்ட், 1833

டெட்ராய்ட்டில் தோர்ன்டன் கல்வேலை செய்து பிழைத்தார். தம்பதியர் அங்கிருந்த சிறிய கறுப்பின சமூகத்தின் மதிப்பைப் பெற்றனர். ஆனால் லூயிவிலில் தோர்ன்டனை அறிந்திருந்த ஒருவர் மூலம் அவர்களது இருப்பிடம் உரிமையாளர்களுக்குத் தெரியவந்தது. 1833 ஜூன் மாத நடுப்பகுதியில் இருவரும் கைது செய்யப்பட்டனர். தப்பியோடிய அடிமைகள் தொடர்பான 1793 ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் அவர்களைக் கென்டக்கிக்குத் திருப்பி அனுப்ப நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஜூன் 16 ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சிறையில் லூசியைப் பார்க்க வந்த பெண்களுள் ஒருவரான கரோலின் பிரெஞ்ச், லூசியுடன் உடை மாற்றிக்கொண்டு அவருக்குப் பதிலாகச் சிறைக்குள் தங்கிவிட்டார். லூசி அவருடைய உடையில் வெளியேறி, டெட்ராய்ட் ஆற்றைக் கடந்து கனடாவின் ஆம்ஹர்ஸ்ட்பர்க் நகரை அடைந்தார்.

மறுநாள் தோர்ன்டனைக் கப்பலுக்குக் கொண்டுசெல்ல முற்பட்டபோது, பெருந்திரளான கறுப்பின மக்கள் சிறை வாசலில் கூடினர். ஏற்பட்ட மோதலில் ஷெரிஃப் ஜான் வில்சன் படுகாயமடைந்தார். குழப்பத்தினிடையே தோர்ன்டன் மீட்கப்பட்டு, ஆற்றுக்கு அப்பால் கொண்டுசெல்லப்பட்டார்.

இந்த மீட்புக்கு டெட்ராய்ட்டின் கறுப்பின மக்கள் கொடுத்த விலை பெரிது. பலர் கைது செய்யப்பட்டனர். நகரில் படையினர் நிறுத்தப்பட்டனர். இரவு நேர நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. பல குடும்பங்கள் வீடுவாசலை விட்டுக் கனடாவுக்குச் சென்றன. பிளாக்பர்ன் கலவரம் என்று அறியப்படும் இந்நிகழ்வு டெட்ராய்ட் நகரின் முதல் இனக்கலவரமாகக் கருதப்படுகிறது.

ஆளுநரின் முடிவு

கனடாக் கரையை அடைந்ததும் தம்பதியரின் இடர் நீங்கிவிடவில்லை. ஆற்றின் மறுகரையில் உள்ள சாண்ட்விச் நகரில் அவர்கள் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களைக் கலகக் குற்றவாளிகளாக ஒப்படைக்குமாறு மிச்சிகன் நிர்வாகம் கோரிக்கை விடுத்தது. மேல் கனடா என அழைக்கப்பட்ட இன்றைய ஒன்டாரியோவின் துணை ஆளுநர் சர் ஜான் கோல்போர்னும், அட்டர்னி ஜெனரல் ராபர்ட் ஜேம்சனும் அக்கோரிக்கையைப் பரிசீலித்தனர்.

தப்பியோடி வரும் குற்றவாளிகள் தொடர்பான சட்டம் ஒன்றை மேல் கனடா அதே 1833 ஆம் ஆண்டில்தான் இயற்றியிருந்தது. அச்சட்டம் தீவிரமாகச் சோதிக்கப்பட்ட முதல் வழக்கு இதுவே. தன்னைத் தானே திருடிக்கொண்டு ஓடுவது என்ற குற்றம் மேல் கனடாவின் சட்டத்தில் கிடையாது. கலகம் செய்ததாக எழுந்த குற்றச்சாட்டைப் பொறுத்தவரை, நீதிமன்றம் அவர்களை நிரபராதிகள் எனக் கண்டாலும், திருப்பி அனுப்பப்பட்டால் வாழ்நாள் அடிமைத்தனமே அவர்களுக்குக் கிடைக்கும் தண்டனையாக இருக்கும் என்பதை அதிகாரிகள் கருத்தில் கொண்டனர். ஒப்படைப்புக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

தப்பி வரும் அடிமைகளுக்குக் கனடா புகலிடம் அளிக்கும் என்ற நிலைப்பாட்டுக்கு இந்த முடிவு முன்னுதாரணமாக அமைந்தது. ஒருவர் தமது நாட்டில் சந்திக்கக்கூடிய தண்டனையின் கொடுமையைக் கணக்கில் எடுத்து ஒப்படைப்பை மறுக்கும் நடைமுறை, இக்காலத்து அகதிகளும் நன்கறிந்த ஒன்றாகும்.

டொரண்டோவில் புதிய வாழ்வு

தம்பதியர் 1834 இல் டொரண்டோவுக்கு வந்தனர். யார்க் என்ற பெயரில் இருந்த ஊர், டொரண்டோ என்ற பெயருடன் மாநகரமானதும் அதே ஆண்டில்தான். பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பாலான பகுதிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது அவ்வாண்டு ஆகஸ்ட் 1 ஆம் தேதி.

தோர்ன்டன் முதலில், வழக்கறிஞர் சங்கத்தின் இருப்பிடமான ஆஸ்குட் மண்டபத்தின் உணவுக்கூடத்தில் பரிமாறுபவராக வேலை செய்தார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நின்று நிலைக்கப்போகும் ஒரு தொழிலுக்கான எண்ணம் அப்போதுதான் அவருக்கு உதித்தது. மான்ட்ரியல் நகரில் அந்நாளில் வாடகைக் குதிரை வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. டொரண்டோவிலோ அப்படி எதுவும் இல்லை.

மான்ட்ரியல் வண்டியின் வரைபடத்தைப் பெற்று, பால் பிஷப் என்ற கைவினைஞரிடம் கொடுத்து, 1837 இல் அவர் ஒரு வண்டியைச் செய்வித்தார். சிவப்பும் மஞ்சளுமாக வண்ணம் தீட்டப்பட்ட அவ்வண்டியில் நான்கு பேர் அமரலாம். ஒற்றைக் குதிரை இழுக்கும். ஓட்டுநர் முன்புறம் அமர்ந்திருப்பார். அதற்கு அவர் சிட்டி என்று பெயரிட்டார். மேல் கனடாவின் முதல் வாடகை வண்டி அதுவே. சில ஆண்டுகளுக்குள் பலரும் அத்தொழிலில் இறங்கினர்.

ஈட்டிய பணத்தைத் தோர்ன்டன் நிலத்திலும் வீடுகளிலும் முதலீடு செய்தார். அவ்வீடுகளை, தப்பி வந்த அடிமைக் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார். தம்பதியர் வாழ்ந்ததோ நகரின் கிழக்குப் பகுதியில், தொழிலாளர் குடியிருப்புகளுக்கிடையே இருந்த ஒரு சிறிய மரவீட்டில். இறுதிவரை அவர்கள் அதைவிட்டு மாறவில்லை.

கென்டக்கியில் இருந்த தம் தாயை அழைத்துவர அவர் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் அங்கு திரும்பிச் சென்றார் என்றும் ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். பிடிபட்டிருந்தால் மீண்டும் அடிமைத்தளையே கிடைத்திருக்கும். தாய் சிபி தம் இறுதிக் காலத்தை டொரண்டோவில் மகனுடன் கழித்தார்.

பொதுவாழ்வு

1850 இல் அமெரிக்கா, தப்பியோடிய அடிமைகள் தொடர்பாக மேலும் கடுமையான சட்டத்தை இயற்றியது. வட மாநிலங்களிலும் பாதுகாப்பு இல்லாமற்போன நிலையில் கனடாவை நோக்கி ஆயிரக்கணக்கானோர் வந்தனர். அடுத்த ஆண்டு செப்டம்பரில், வட அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்களின் மாநாடு டொரண்டோவின் செயின்ட் லாரன்ஸ் மண்டபத்தில் கூடியது. புலம்பெயர்வதற்கு உகந்த நாடு எது என்று விவாதித்த அம்மாநாட்டில் தோர்ன்டனும் பங்கேற்றார்.

அவர்களின் உதவியைப் பெற்றவர்களுள் ஆன் மரியா ஜாக்சன் என்ற தாயும் ஒருவர். டெலவேர் மாநிலத்திலிருந்து 7 குழந்தைகளுடன் 1858 இல் தப்பி வந்தவர் அவர். அக்குழந்தைகளுள் ஒருவரான ஆல்பர்ட் ஜாக்சன் 1882 இல் டொரண்டோவின் முதல் கறுப்பினத் தபால்காரராக நியமிக்கப்பட்டார். உடன் பணியாற்ற வேண்டிய வெள்ளையினத் தபால்காரர்கள் அவருக்குப் பயிற்சி அளிக்க மறுத்தனர். கறுப்பின மக்கள் கண்டனம் எழுப்பிய பின், பிரதமர் ஜான் ஏ. மக்டொனால்ட் தலையிட்ட பிறகே அவரால் தபால் விநியோகத்தைத் தொடங்க முடிந்தது.

புகலிடம் கிடைத்த நாட்டில் சமத்துவம் தானாகக் கிடைத்துவிடவில்லை என்பதற்கு இச்சம்பவம் ஒரு சான்று.

மறைவும் மறதியும்

தோர்ன்டன் பிளாக்பர்ன் 1890 பிப்ரவரி 26 ஆம் தேதி காலமானார். சொத்துகள் மனைவிக்குச் சேர்ந்தன. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1895 பிப்ரவரியில், லூசியும் மறைந்தார். இருவரும் டொரண்டோவின் நெக்ரோபோலிஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

வீடு இடிக்கப்பட்டது. அந்த நிலம் அருகிலிருந்த பள்ளிக்கூடத்தின் விளையாட்டுத் திடலாயிற்று. முதல் வாடகை வண்டியைப் பற்றிய குறிப்பு உள்ளூர் வரலாற்று நூல் ஒன்றில் இடம்பெற்றிருந்த போதிலும், அதை ஓட்டியவர் எங்கிருந்து, எவ்வாறு வந்தார் என்பதை நூறாண்டுக்காலம் எவரும் தேடவில்லை.

அகழாய்வு காட்டிய வழி

டொரண்டோ கல்விச் சபையின் தொல்லியல் மையத்தைச் சேர்ந்த கரோலின் ஸ்மார்ட்ஸ், மாணவர்கள் தோண்டுவதற்கு ஏற்ற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, பழைய நகர முகவரிப் புத்தகத்தில் தோர்ன்டனின் பெயரைக் கண்டார். வண்டிக்காரர் என்ற தொழிற்குறிப்புடன் கறுப்பினத்தவர் என்ற குறிப்பும் அதில் இருந்தது. 1985 ஆம் ஆண்டு அகழாய்வில் 3,000-க்கும் அதிகமான மாணவர்களும் பொதுமக்களும் பங்கேற்றனர். வீட்டின் அடித்தளம், நிலவறை, குதிரைக் கொட்டகையின் தடயங்கள் ஆகியன வெளிப்பட்டன. தப்பி வந்த அடிமைகளின் வாழ்விடம் ஒன்று கனடாவில் அகழ்ந்து ஆராயப்பட்டது இதுவே முதல் முறை.

அதன் பிறகு சுமார் 20 ஆண்டுகள் கென்டக்கி, மிச்சிகன், ஒன்டாரியோ ஆவணக் காப்பகங்களில் தேடி, ஸ்மார்ட்ஸ் ஃப்ராஸ்ட் இத்தம்பதியரின் வரலாற்றை எழுதினார். 2007 இல் வெளியான அந்நூல், அவ்வாண்டு கனடாவின் ஆளுநர் நாயகம் இலக்கிய விருதைப் பெற்றது. அதற்கு முன்பே, 1999 இல், கனடிய அரசு பிளாக்பர்ன் தம்பதியரைத் தேசிய வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தவர்களாக அறிவித்திருந்தது. 2002 இல் டொரண்டோவிலும், அவர்கள் தப்பியோடிய லூயிவிலிலும் நினைவுப் பலகைகள் நிறுவப்பட்டன. ஜார்ஜ் பிரவுன் கல்லூரியின் மாநாட்டு மையம் ஒன்றுக்கு அவர்களது பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

காட்சிக்கு வைப்பது எதை?

அடிமை முறையைப் பற்றிய காட்சியை அமைக்கும் காப்பாட்சியர் எதிர்கொள்ளும் முதல் சிக்கல், எஞ்சியிருக்கும் பொருட்களும் ஆவணங்களும் யாருடையவை என்பது. கைவிலங்குகள், விற்பனைச் சீட்டுகள், கப்பல் பட்டியல்கள், தேடுதல் விளம்பரங்கள் ஆகிய அனைத்தும் அடிமைப்படுத்தியோர் உருவாக்கியவை. இவற்றை மட்டும் கொண்டு அமைக்கப்படும் காட்சியில், அடிமைப்படுத்தப்பட்டோர் விலை குறிக்கப்பட்ட உடல்களாக மட்டுமே தென்படுவர்.

பிளாக்பர்ன் வீட்டின் எச்சங்கள் இதற்கு மாறான சான்றைத் தருகின்றன. அவர்களே தேர்ந்தெடுத்து வாங்கிய நிலத்தில், அவர்களே அமைத்துக்கொண்ட வீட்டின் தடயங்கள் அவை. குதிரைக் கொட்டகையின் அடையாளம் ஒரு தொழிலைக் காட்டுகிறது. நிலவறை, குளிர்காலத்துக்காகச் சேமித்து வைத்த ஒரு குடும்பத்தைக் காட்டுகிறது. நீதிமன்றப் பதிவுகள் சொல்லாத தகவல்கள் இவை.

எனினும் இதிலும் ஓர் ஆபத்து உண்டு. அடிமையாக வந்தவர் செல்வந்தராக மறைந்தார் என்ற கதை, கேட்கும் நகரத்துக்கு இனிமையானது. அக்கதையை மட்டும் சொன்னால், கனடா எக்காலத்திலும் விடுதலையின் நாடாகவே இருந்தது என்ற எண்ணம் பார்வையாளருக்கு ஏற்படும். உண்மை அவ்வளவு எளிதானதல்ல.

தோர்ன்டன் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பு டொரண்டோவிலேயே அடிமைகள் இருந்தனர். மேல் கனடாவின் நிர்வாகியாக இருந்த பீட்டர் ரஸ்ஸல், 1806 இல் பெக்கி என்ற பெண்ணையும் அவருடைய மகன் ஜூபிட்டரையும் விற்பதற்குப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். பெக்கிக்கு 150 டாலர், மகனுக்கு 200 டாலர் என்று விலையும் குறிப்பிட்டிருந்தார். அங்கு 1793 இல் இயற்றப்பட்ட சட்டம் புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுத்தது. ஆனால் அப்போது அடிமைகளாக இருந்த எவரையும் அது விடுவிக்கவில்லை. அதன் பின்னர் பிறந்த குழந்தைகளும் 25 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெக்கிக்கு வீட்டுச் சுவர் இல்லை, நிலப் பத்திரம் இல்லை. அவரைப் பற்றி எஞ்சியிருப்பவை, அவரை வைத்திருந்தோரின் எழுத்துகள் மட்டுமே. தோர்ன்டனின் வெற்றியைக் காட்டும் அரங்கில் பெக்கிக்கும் ஓர் இடம் ஒதுக்கப்படுமா என்பதே, அடிமை வரலாற்றைச் சொல்லும் எந்த அருங்காட்சியகத்துக்கும் உள்ள உண்மையான சோதனை.

கசப்பான ஒரு பாடம்

பிறருடைய சொற்களைக் கொண்டு ஒரு மக்களின் வரலாற்றைக் காட்டுவதால் ஏற்படும் விளைவை டொரண்டோ நேரடியாகவே கண்டிருக்கிறது. பிளாக்பர்ன் அகழாய்வுக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1989 நவம்பரில், ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் ஆப்பிரிக்கா குறித்த ஒரு கண்காட்சியைத் திறந்தது. காலனித்துவக் காலத்தில் கனடியப் படையினரும் கிறிஸ்தவ மதபோதகர்களும் கொண்டுவந்த பொருட்கள் அதில் இடம்பெற்றன. காலனித்துவப் பார்வையை விமர்சிப்பதே அதன் நோக்கம் என்று கூறப்பட்டது. ஆனால் அந்த விமர்சனம் மறைமுகமான எள்ளலாக இருந்ததால், பழைய இழிசொற்களை அருங்காட்சியகமே மீண்டும் சொல்வதாகப் பலர் உணர்ந்தனர்.

கறுப்பின மக்கள் அருங்காட்சியகத்தின் வாசலில் மாதக்கணக்கில் ஆர்ப்பாட்டம் நடத்தினர். கண்காட்சியை ஏற்பதாக இருந்த பிற அருங்காட்சியகங்கள் பின்வாங்கின. 2016 இல், ஏறத்தாழ 27 ஆண்டுகளுக்குப் பிறகு, அந்நிறுவனம் முறைப்படி மன்னிப்புக் கோரியது.

பிற இடங்களிலும் இத்தகைய மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. ஒன்டாரியோவின் டிரெஸ்டன் அருகே, தப்பி வந்த அடிமையும் சமூகத் தலைவருமான ஜொசையா ஹென்சனின் குடியிருப்பில் அமைந்த அருங்காட்சியகம், நீண்ட காலம் ஓர் அமெரிக்க நாவலின் கதாபாத்திரமான அங்கிள் டாமின் பெயரைத் தாங்கியிருந்தது. 2022 இல் அதற்கு ஹென்சனின் சொந்தப் பெயரே சூட்டப்பட்டது. நெதர்லாந்தின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் 2021 இல் அடிமை முறை குறித்த கண்காட்சியைப் பத்து தனிமனிதர்களின் வாழ்க்கையாக அமைத்தது. ஆசியாவில் அடிமைப்படுத்தப்பட்டோரும் அவர்களுள் அடங்குவர்.

தமிழர்களுக்கும் ஒரு கேள்வி

டொரண்டோ, இலங்கைக்கு வெளியே இலங்கைத் தமிழர்கள் மிக அதிகமாக வாழும் நகரங்களுள் ஒன்று. அவர்களுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. தோர்ன்டன் டொரண்டோவுக்கு வந்த ஆண்டில் நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் அடிமை ஒழிப்புச் சட்டம், இலங்கையையும் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆளுகையிலிருந்த இந்தியப் பகுதிகளையும் வெளிப்படையாக விலக்கி வைத்திருந்தது. இந்தியாவில் 1843 ஆம் ஆண்டும், இலங்கையில் 1844 ஆம் ஆண்டும்தான் அதற்கான சட்டங்கள் வந்தன.

யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த தேசவழமையில் அடிமைகள் குறித்துத் தனிப் பிரிவே உண்டு. குறிப்பிட்ட சில சாதியினர் அதில் அடிமைகளாகவே குறிக்கப்பட்டனர். கோயில்களுக்கும் தனியாருக்கும் மனிதர்கள் விற்கப்பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகளும் பதிவு செய்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து ஒல்லாந்தர் பெருந்தொகையான மக்களைக் கப்பலேற்றிச் சென்றனர். கொழும்பின் கொம்பனித்தெருவுக்கு அடிமைத் தீவு என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் வந்ததும் அந்த ஒல்லாந்தர் காலத்து அடிமைகளால்தான்.

அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1834 முதல் மொரீஷியஸுக்கும், பின்னர் பிற நாடுகளுக்கும், ஒப்பந்தத் தொழிலாளர்களாக இந்தியர்கள் அனுப்பப்பட்டனர். அவர்களில் தமிழர்கள் பலர். மொரீஷியஸில் அவர்கள் கரையிறங்கிய ஆப்ரவாசி காட் 2006 இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கடல் கடந்து சென்றோரின் துயரம் தமிழில் ஓரளவு நினைவுகூரப்படுகிறது. ஆனால் சொந்த மண்ணிலேயே சொந்த மொழியினரால் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோரின் வாழ்க்கை நினைவிடங்களிலும் காட்சியகங்களிலும் அரிதாகவே இடம்பெறுகிறது. இங்கும் எஞ்சியிருப்பவை, பெரும்பாலும் உரிமையாளர்கள் எழுதி வைத்த ஆவணங்களே.

கனடிய நாடாளுமன்றத்தின் மக்களவை, ஆகஸ்ட் 1 ஆம் தேதியை அடிமை விடுதலை நாளாக 2021 இல் அங்கீகரித்தது. அடிமை முறை கனடாவிலும் இருந்தது என்ற ஒப்புதலும் அதில் அடங்கியிருக்கிறது.

தோர்ன்டன் பிளாக்பர்னின் வாழ்க்கை மீட்கப்பட்டதற்குத் தற்செயலும் ஒரு காரணம். அவர் நிலம் வாங்கினார்; முகவரிப் புத்தகத்தில் பெயர் பதிவானது; வீடு இருந்த இடத்தின்மேல் பெரிய கட்டடம் எழவில்லை; அதைத் தோண்டிப் பார்க்க விரும்பிய ஒருவர் இருந்தார். இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும், அவரும் ஒரு பழைய விளம்பரத்தின் சில வரிகளாக மட்டுமே எஞ்சியிருப்பார். அந்த வாய்ப்பு கிட்டாத பெக்கியைப் போன்றோருக்கு அருங்காட்சியகங்கள் எவ்வாறு இடமளிக்கப்போகின்றன என்பதே, இத்துறையினர் முன் இன்னமும் விடையின்றி நிற்கும் கேள்வி.